நூல் கட்டிய செடிகள்

சுந்தரபாண்டியம்
17.11.1991

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை சண்முகத்தாய் வணக்கத்துடன் எழுதுவது. அய்யாவும் அம்மாவும் நலம். சென்னையில் மழை என்று ரேடியோவில் சொன்னார்கள், நனையாதே. எல்லாரும் உறங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது பயத்தினால்.

அய்யாவுக்குத் தெரியாமல் என் சிநேகிதி அம்புஜவல்லி வீட்டு முகவரிக்கு நீ போட்ட கடிதம் வந்தது. “உங்க வீட்டுக் களைக்குத் தபால் வேறயாட்டி!” என்று கேலி செய்துகொண்டே கொடுத்தாள். கீழாநெல்லியின் மேல்கொப்பு இலையில் இருக்கும் மருந்துச் சத்தில் பாதிகூடக் கீழ்க்கொப்பு இலையில் இல்லை, இதை டிசம்பரில் பேராசிரியர்கள் முன்னால் வாசிக்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா, நான் பொய் எழுதிவிட்டேன். உன் ஆராய்ச்சிக்கு மேலிலை, கீழிலை, தண்டு, வேர் எல்லாவற்றையும் தனித்தனியாக நிழலில் உலர்த்தி அனுப்பச் சொன்னாய். பரணில் ஓடு ஒழுகிக் கீழிலை மட்டும் நனைந்துவிட்டது. பூஞ்சை பிடித்துவிடும் என்று பயந்து, அம்புஜவல்லி வீட்டு மொட்டைமாடியில் இரண்டு நாள் வெயிலில் போட்டேன். உறையில் ‘நிழல்’ என்றே எழுதினேன். சத்து குறைந்தது இலையினாலா, வெயிலினாலா, எனக்குத் தெரியாது. பட்டம் வாங்காமல் இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று போனவள் நீ. என்னால் நீ அங்கே தலைகுனியக்கூடாது.

உனக்காக அடையாளத்துக்கு நான் நூல் கட்டிய இருபது கீழாநெல்லிச் செடிகளில் பத்து மிச்சம் இருந்தன. மறுபடி பறிக்கலாம் என்று போன வாரம் பள்ளி விட்டு ஓடினால், நம் பருத்திக்காட்டில் களையெடுத்து முடித்திருந்தார்கள். தரை துடைத்த மாதிரி இருந்தது. அழுதுவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், பத்துச் செடியும் சிவப்பு நூலோடு நிற்கின்றன!

களையெடுத்த பெத்தம்மாள் மதினியிடம் கேட்டேன். “நானா விட்டேன்? உங்கய்யால்லா வரப்புல நின்னுக்கிட்டு, ‘ஏட்டி, நூல் கட்டுனதுல கை வைக்காத, அது அவ செடி’ன்னாரு. களைக்குக் காவல் நிக்க வெள்ளாமைக்கார சம்சாரிய இன்னைக்குத்தான் பாக்கேன்” என்று சிரித்தாள்.

செட்டியார்பட்டி மாப்பிள்ளையை வேண்டாமென்று நீ போன நாளிலிருந்து உன் பேச்சையே எடுக்காத அய்யாதான் அப்படிச் சொல்லியிருக்கிறார், அக்கா! என்னிடம் எதுவும் கேட்கவில்லை. செடிகளைப் பிடுங்கி வந்து, இலையை விரிக்கப் பரணில் ஏறினேன். ஒழுகிய இடத்தில் புது ஓடு இருந்தது. அதன் கீழேயே இலையை விரித்தேன்.

இதோடு அனுப்பும் பொட்டலங்கள் நிஜமாகவே நிழலில் காய்ந்தவை. மறுபடி அளந்து பார். எது வருகிறதோ அதையே வாசி. என் பொய்யையும் உன் நோட்டில் எழுதிக்கொள். என்னை வெறுத்துவிடாதே.

ஒன்பது செடிகளைத்தான் பிடுங்கினேன். ஒன்றை விட்டுவைத்திருக்கிறேன். அய்யா காலையில் அந்தப் பக்கமாகத்தான் போகிறார்.

அடுத்த கடிதத்தை அம்புஜவல்லி வீட்டுக்குப் போடாதே. உறையின் மேல் அய்யா பெயரை எழுது.

உன் தங்கை,
சண்முகத்தாய்