டாக்டர் வீட்டு ஜப்பான் கத்தி

செவ்வாய். இரவும் மழை.

வேலி வெட்டப் போன இடத்தில், பங்களா டாக்டர் ஜப்பானிலிருந்து வாங்கி வைத்திருக்கும் குறுங்கத்தியைக் காட்டினார். முழுக்கக் கையால் அடித்ததாம். கூரின் ஓரமாகப் பனிமூட்டம் போல ஓர் அலைக்கோடு ஓடுகிறது. அப்படியொரு வேலையை நான் பார்த்ததில்லை.

"வெறும் விரல் படக்கூடாது மாரிமுத்து, துரு ஏறிடும்" என்று சொல்லிவிட்டு எண்ணெய் எடுக்க உள்ளே போனார். அதற்குள் என் பெருவிரல் கூர் பார்த்துவிட்டது. இருபது வருஷமாகத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய பழக்கம்.

"தொட்டுட்டேங்க ஐயா" என்றேன்.

திட்டவில்லை. துடைத்து எண்ணெய் பூசினார். பிறகு மெதுவாக, "நான் ஒருநாளும் தொட்டதில்ல. எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து என் கவ்வாத்துக் கத்தியை மூன்று தரம் தீட்டித் தொட்டுப் பார்த்தேன். அது இப்படி இல்லை என்று மட்டும் நாளைக்கு அவரிடம் சொல்லலாம்.