பெட்டிக்குள் கிடந்த துருக்கித் துவாய்

அன்புத் தோழி,

இன்று காலை சலவை மெஷினைத் திறந்ததும் வினாகிரியின் புளித்த மணம் மூக்கில் ஏறியது. நீ வாங்கித் தந்த துருக்கித் துவாய் உள்ளே சுருண்டு கிடந்தது. வினாகிரி ஊற்றித் தோய்க்கச் சொன்னவளும் நீதான். பக்கத்து வீட்டுக்காரி நான் ஊறுகாய் போடுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

நீ அதை வாங்கித் தந்தது நாம் இருவரும் ஒரே ஹோட்டலில் அறை துப்புரவு செய்த காலத்தில். தினமும் துவாய் மடித்த கை உன்னுடையது; உன்னை ஏமாற்ற முடியாது. சென் தெனி சந்தையில் கரையைத் திருப்பித் தையலைப் பார்த்தாய், குஞ்சத்தை இழுத்தாய், வெளிச்சத்தில் பிடித்து நெசவைப் பார்த்தாய். கடைசியில் கடைக்காரரின் தோளில் கிடந்த பழைய துவாயைத் தொட்டு, அதுதான் வேண்டும் என்றாய். அவர் சிரித்துவிட்டார். புதியதை வாங்கித் தோய்க்கத் தோய்க்கத்தான் அப்படி மெத்தென்று வருமாம்.

"என்னடி, ஆம்பிளையள் உடுக்கிற சாரத்தை வெட்டிக் குஞ்சம் கட்டின மாதிரிக் கிடக்கு" என்று நான் முகத்தைச் சுளித்தேன்.

"மெல்லிசுதான் கெதியாக் காயும். உன்ரை வீட்டிலை பல்கனியே கிடக்கு? முதல்லை ஒரு இரவு பச்சைத் தண்ணியிலை ஊறப்போடு. தோய்க்கேக்கை வாசத் தண்ணி ஒண்டும் ஊத்தாதை, பிறகு ஈரம் உறிஞ்சாது."

நான் ஊறவும் போடவில்லை, தோய்க்கவும் இல்லை. நல்ல சாமான் கைக்கு வந்தால் பூச்சி உருண்டையோடு சூட்கேசுக்குள் வைப்பதுதானே என் வழக்கம். "துவாய் மெத்தெண்டு வந்திட்டுதோ?" என்று நீ கேட்கும்போதெல்லாம், "ஓம், பஞ்சு மாதிரி" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

பிறகு உனக்கு நோய் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிட்ட என்று லா சப்பலில் என் வீட்டில் வந்து தங்கினாய். மருந்தில் உன் தோல் வெந்துபோயிருந்தது. எந்தத் துணி பட்டாலும் நொந்தது. முதல் நாள் நீ குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு நிற்க, ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து அந்தத் துவாயால் உன்னைப் போர்த்தினேன். அது மொடமொடவென்று நின்றது. தண்ணீர் அதன்மேல் வழுக்கி ஓடியது. உன் முதுகு ஈரமாகவே இருந்தது.

"எடியே, நீ இதை ஒருநாளும் தோய்க்கேல்லை, என்ன?"

எனக்கு முகம் செத்துப்போயிற்று. நீயோ நடுங்கிக்கொண்டே சிரித்தாய்.

அன்றிரவே ஊறப்போட்டேன். அதன்பின் தினமும் தோய்த்தேன். ஹீட்டர்மேல் போட்டால் விறைத்துவிடும் என்று நீ சொன்னபடி, உதறி ஜன்னலோரக் கொடியில் காயவிட்டேன். நீ இருக்கும்போதே அது மெத்தென்று வந்துவிட வேண்டுமே என்று எனக்கு ஒரே பதகளிப்பு. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ அதைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்து, "பஞ்சு மாதிரி வந்திட்டுதடி" என்றாய். வரவில்லை. உன் தோள் சிவந்திருந்ததை நான் கண்டேன். என் பொய்யையே எனக்கு ஆறுதலாகத் திருப்பித் தந்தாய்.

நீ போன பிறகும் தோய்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சூட்கேசுக்குள் இப்போது ஒன்றும் இல்லை. நல்ல சேலை, நல்ல கோப்பை எல்லாம் வெளியே வந்துவிட்டன. ஒரு கோப்பை உடைந்தும் போயிற்று, போகட்டும். நேற்றுக் குளித்துவிட்டு உன் துவாயை முதுகில் போட்டேன். ஒரே ஒற்றலில் ஈரம் முழுவதையும் குடித்தது.

"மெத்தெண்டு வந்திட்டுதோ?" என்று இன்று கேட்டால், ஓம் என்று உண்மையாகவே சொல்வேன். கேட்கத்தான் நீ இல்லை.