ஐந்தாவது ஆளின் வயிற்றுவலி

அன்புள்ள கோல்பி,

நான் நலம், முக்கியமாக என் வயிறு நலம். எடுத்த எடுப்பில் ஏன் வயிற்றுக்கு வந்தேன் என்பது போகப்போகத் தெரியும். துபாய் வெயிலில் பணக்காரர்களுக்கு கோல்ஃப் மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டு நீயும் நலமாகத்தான் இருப்பாய். உனக்கு மூன்று குறுஞ்செய்தி அனுப்பினேன். மூன்றுக்கும் கட்டைவிரல் படம் வந்தது. கட்டைவிரலோடு பேச எனக்கு இஷ்டமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் அணிக்கு இந்த ஆண்டு எழுபத்தைந்து வயது. ப்ரூயிட் பல்கலைக்கழக ஆண்கள் கோல்ஃப் அணியின் வரலாற்றை எழுதும் வேலையை, உதவிப் பயிற்சியாளனாக இருக்கும் ஒரே பாவத்துக்காக என் தலையில் கட்டிவிட்டார்கள். விழாக்குழுத் தலைவர் ஃபார்னை உனக்குத் தெரியும். "நீ நல்லா எழுதுவியாமே வெஸ்? சட்டுனு முடிச்சுக் குடு. படிக்கிறவன் மூஞ்சி சிரிச்ச மாதிரியே இருக்கணும்" என்றார். அணியைத் தொடங்கியவர் ஒரு வேதியியல் பேராசிரியர். முதல் இரண்டு ஆண்டுகள் விவசாயக் கல்லூரியின் மாட்டு மேய்ச்சல் நிலத்தில்தான் பயிற்சி. நான் ரசித்து எழுதிய பகுதி அது. ஃபார்ன் அதை வெட்டிவிட்டார். "நன்கொடை குடுத்தவங்க சாப்பிடுற நேரத்துல சாணி எதுக்குய்யா?" மாடுகள் போயின. அவற்றின் இடத்தில் நன்கொடையாளர் படங்கள் வந்து உட்கார்ந்தன. அதற்கெல்லாம் நான் சண்டை போடவில்லை.

சண்டை 1967இல் வந்தது.

அந்தக் கதையை நீ தொட்டிலிலிருந்தே கேட்டிருப்பாய். அன்று கேப்டன் உன் தாத்தா ஹாய்ட். மாநிலச் சாம்பியன் போட்டி அன்று காலை அணியின் கடைசி, ஐந்தாவது ஆள் எர்வின் மெபேனுக்கு வயிற்றுவலி. மீதி நான்கு பேர் ஆடி, ஒரே ஒரு மட்டையடி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். புத்தகம் வடிவமைக்கும் பெண், "நாலு பேர் ஆடி ஜெயிச்சா அதுல என்ன சார் பெருமை?" என்று கேட்டாள். ஐந்து பேர் ஆடுவோம், நல்ல நான்கு கணக்கைத்தான் கூட்டுவோம், ஒருவன் சொதப்பினால் அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். நான்கே பேர் என்றால் ஒருவனும் சொதப்ப முடியாது என்று விளக்கினேன். "ஓ, அப்ப அந்த வயித்துவலிக்காரர்தான் ஹீரோவா?" என்றாள். சிரித்தேன்.

அந்த 1967 முதல்தானே நம் சடங்கு? ஒவ்வொரு சாம்பியன் போட்டிக்கு முன்பும் காலைச் சாப்பாட்டு மேசையில் ஐந்தாவது ஆள் அந்த இளஞ்சிவப்பு வயிற்று மருந்தை ஒரு ஸ்பூன் குடிக்க வேண்டும். மற்றவர்கள் மேசையைத் தட்டி, "வயிறு எப்படிடா? வயிறு எப்படிடா?" என்று கத்துவார்கள். நாம் படித்த நான்கு ஆண்டும் நான்தான் ஐந்தாவது. டயர்க்கடைக்காரன் மகன் அதற்கு மேல் ஏறவில்லை. நான்கு ஆண்டும் ஊற்றியவன் நீ. சுண்ணாம்பில் சர்க்கரை போட்டது போன்ற அந்தச் சுவை இன்னும் நாக்கில் இருக்கிறது. அடுத்த மாத விருந்துக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் பல்கலைக்கழக முத்திரை போட்ட குட்டிக் குட்டி மருந்துப் புட்டிகள் செய்யச் சொல்லியிருக்கிறார் ஃபார்ன். எர்வினுக்கும் அழைப்பு போயிருக்கிறது, முதல் ஸ்பூனைக் குடிக்க. "அந்த ஆளே வந்து குடிச்சா ஹாலே எந்திரிச்சு நிக்கும்!" என்று குதிக்கிறார்.

நான் எர்வினுக்குப் போன் செய்தேன். டொலீடோ நகரில் இருக்கிறார், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வரலாற்றுக்கு ஒரு வரி வேண்டும் என்று, வேடிக்கையாக நினைத்துக்கொண்டு, "சார், அன்னிக்கு வயிறு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"என் வயித்துக்கு என்ன தம்பி? வேன்ல உக்காந்து ரெண்டு ஹாட் டாக் தின்னேன். நல்லாத்தான் செரிச்சுது" என்றார்.

போட்டி நடந்த கோல்ஃப் கிளப்பின் வாசலிலேயே சொல்லிவிட்டார்களாம்: மற்றவர்களின் மட்டைப் பை தூக்குகிறவனாக வந்தால் உள்ளே விடலாம், ஆடுகிறவனாக என்றால் முடியாது. எர்வின் கறுப்பர், கோல்பி. நாம் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்ன கதையில் இந்த ஒரு வார்த்தை ஒரு தடவைகூட வந்ததில்லை என்பதை யோசித்துப் பார். இன்னொன்று: அவர் ஐந்தாவது ஆளே இல்லை. அந்த ஆண்டு உன் தாத்தாவுக்கு அடுத்த இடம் அவருடையது. வயிற்றுவலிக்காரரைக் கடைசி ஆளாக்கினால் சிரிக்க வசதி, அவ்வளவுதான்.

"கோச் வந்தாரு. 'வயித்துவலின்னு சொல்லிருவோம் எர்வின், உனக்கும் மரியாதை, நமக்கும் மரியாதை'ன்னாரு. நான் ஹாய்ட்டைப் பாத்தேன். அவன்தான கேப்டன்? 'நாலு பேரும் வேன்ல ஏறுங்கடா, வீட்டுக்குப் போவோம்'னு அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். அவன் குனிஞ்சு ஷூ நாடாவைக் கட்டிக்கிட்டிருந்தான். கட்டினான், கட்டினான், கட்டிக்கிட்டே இருந்தான். அவ்வளவு நேரம் நாடா கட்டுற மனுசனை நான் அப்புறம் பாத்ததே இல்ல."

விருந்துக்கு வருவீர்களா என்று கேட்டேன். "டிக்கெட் வாங்கியாச்சு. ஆனா அந்த மருந்தை நான் குடிக்க மாட்டேன். ஹாய்ட் குடிக்கட்டும். அம்பத்தொம்பது வருசமா அவன் வயித்துலதான் ஏதோ கெடக்கு" என்றார்.

நான் புத்தகத்தில் இரண்டே வரி எழுதினேன்: "எர்வின் மெபேனுக்கு வயிற்றுவலி இல்லை. அவர் கறுப்பர் என்பதால் கிளப் அவரை ஆட விடவில்லை." ஃபார்ன் அதை "அன்றைய காலச் சூழல் காரணமாகக் கலந்துகொள்ள இயலவில்லை" என்று மாற்றினார். காலச் சூழலாம்! அன்றைக்கு என்ன, புயலா அடித்தது? வாசலில் நின்று தடுத்தது மனிதன். பார்த்துக்கொண்டு நின்றதும் மனிதர்கள். கத்தினேன். ஃபார்ன் உன் தாத்தாவிடம் ஓடினார். அங்கிருந்து வந்த பதில்: "அவனுக்கு வயித்துவலிதான். நான் கண்ணால பாத்தேன்." வயிற்றுவலியைக் கண்ணால் பார்த்த மருத்துவர் உலகத்திலேயே உன் தாத்தா ஒருவர்தான். இப்போது ஃபார்ன் சொல்வது இது: "ஒண்ணு வயித்துவலின்னு போடு, இல்ல அந்தப் பேரையே எடுத்துரு. புது பயிற்சிக் கட்டடம் யார் காசுல எழும்புதுன்னு உனக்குத் தெரியாதா?" தெரியும். வாசலிலேயே உன் குடும்பப் பெயர் ஆளுயரத்துக்கு நிற்கிறதே.

என் வரி அச்சேறாவிட்டால் என் பெயரும் அந்தப் புத்தகத்தில் வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். வேலை மிஞ்சுமா என்று தெரியவில்லை. ஆனால் என் கவலை அது இல்லை. எழுபத்தொன்பது வயது மனிதர் ஒருவர் பேருந்தேறி வந்து அந்த ஹாலில் உட்காரப்போகிறார். ஊரே புட்டியைத் தூக்கி, அவரைப் பார்த்து, "வயிறு எப்படி?" என்று கத்தப்போகிறது. அதை நிறுத்தக்கூடியவர் ஒரே ஒருவர். அவர் என் போனை எடுப்பதில்லை. உன் போனை எடுப்பார்.

கூப்பிடு. எர்வினைப் பற்றிக் கேட்காதே. தயாராக இருக்கும் பதில்தான் வரும். ஷூ நாடாவைப் பற்றிக் கேள். கேட்டுவிட்டு நீ பேசாமல் இரு. அவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் பேசாமல் இரு.

கட்டைவிரல் மட்டும் அனுப்பாதே. இந்தத் தடவை என்னால் தாங்க முடியாது.

உன் தாத்தா இன்னும் பல ஆண்டு இருக்கட்டும். அடுத்த மாதம் அந்த மேசையில் அவர் உண்ணும் சோறு அவருக்குச் செரிக்கட்டும். உன் வயிறும் நலமாக இருக்கட்டும்.

இப்போதைக்கு உன் நண்பன்,
வெஸ்