மூடிய உறையிலிருந்து வந்த நாலு வரி

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. நானும் அக்காவும் இங்கே சுகம். உன் முதுகுவலி விட்டிருக்கும் என்ற நம்பிக்கையோடு ஆரம்பிக்கிறேன்.

நேற்று உன் அத்தான் வழக்குக்குப் போனோம். லிஃப்ட் ரிப்பேருக்குப் போன மனிதரை வேலையிடத்திலேயே பிடித்துப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர், குடியுரிமையும் இல்லை, அதனால் நாடு கடத்தும்வரை காவல் என்றார்கள். காரணம் கேட்டால் ஒரு மூடிய உறை. நீதிபதி பார்க்கலாம், அத்தானும் அவருடைய வக்கீலம்மாவும் பார்க்கக் கூடாது. முப்பத்துநாலு வருஷம் பரீட்சைத் தாள் திருத்தியவள் நான். ஒரு பிள்ளைக்கு முட்டை போட்டுவிட்டு, எந்தக் கேள்வி, என்ன தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் தப்பில்லை என்று நீயே காட்டு என்றால் அது எதைத்தான் காட்டும்? வக்கீலம்மாவும் இத்தனை நாள் காற்றில் கம்பு சுற்றிக்கொண்டுதான் இருந்தார்.

அரசு வக்கீல் எழுந்து, இவர் இந்த நாட்டுக்காரரே இல்லையே, இவருக்கு எதுக்கு இந்த உரிமையெல்லாம் என்றார். நீதிபதி என்னைவிட ரொம்பச் சின்னவள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அரசியல் சட்டத்துல அந்த உரிமையைச் சொல்ற இடத்துல நம்ம நாட்டுக்காரருன்னா போட்டிருக்கு, வாசிச்சுப் பாருங்க என்றாள். எவருக்கும் என்று அரசு வக்கீல் வாசித்தார், வகுப்பில் எழுப்பி நிறுத்தியதுபோல. யார் சொன்னாங்கங்கறத மூடியே வச்சுக்கோங்க, அவங்களுக்கு ஆபத்து வரலாம். என்ன சொன்னாங்கங்கறத இவருக்குச் சொல்லியாகணும், இல்லேன்னா அந்த உறையை நான் ஏத்துக்க மாட்டேன் என்றாள். படையும் போலீசும் சிறையும் வைத்திருக்கிற ஒரு அரசை, கையில் பேனா மட்டும் வைத்திருக்கிற ஒரு பெண் இதற்குமேல் வராதே என்கிறாள், அதுவும் நின்றுவிடுகிறது. இத்தனை வருஷம் குடிமையியல் நடத்தினேன், அது எவ்வளவு பெரிய காரியம் என்று நேற்றுத்தான் கண்ணால் பார்த்தேன்.

மத்தியானம் நாலு வரி கொடுத்தார்கள். அரசு அலுவலகத்தின் மொட்டைமாடி மெஷின் அறையில் மின்பலகையை மூன்று நாள் ரகசியமாகப் படம் எடுத்தார், அவ்வளவுதான். அத்தான் வாசித்துவிட்டு, இதுக்கா, வயரைக் கழட்டறதுக்கு முன்னாடி படம் எடுத்து வச்சுக்கலேன்னா திரும்ப எப்படி மாட்டறது, மூணாவது மாடிக்குப் போறவர் ஏழாவதுல இறங்குவார் என்றார். கோர்ட்டே சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. அக்கா வீட்டுக்கு ஓடி வேலைச் சீட்டுகளைக் கொண்டுவந்தாள். மூன்று தேதிக்கும் அந்த அலுவலகத்தின் முத்திரையே இருந்தது. சாயங்காலம் விட்டுவிட்டார்கள்.

போன வாரம் போனில் நீ, சும்மாவா பிடிப்பாங்க என்றாய், நான் உன்னைத் திட்டினேன். உண்மையில் எனக்கும் அந்த நினைப்பு இருந்ததடா. அக்கா வேலைக்குப் போன நேரத்தில் அவர் பெட்டியைத் திறந்து துழாவினேன். நாலு சட்டையும் ஸ்க்ரூடிரைவரும்தான் இருந்தன. இன்று காலை அதை அவரிடமே சொன்னேன். என் முகத்துக்கு நேரா சொன்னீங்களே அத்தை, அது போதும் என்றார்.

நல்லா இரு ராசா, நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை அத்தானைக் கூப்பிடு. சுகமா என்று கேட்டுவிட்டு நழுவாதே. நீ நினைத்ததைச் சொல், அவர் பதில் சொல்லட்டும்.

உன் அம்மா