நம்ம கல்

தார்த்து,
3 மே 1936

அன்புள்ள மிஹ்கெல் அண்ணனுக்கு,

நலம். நீயும் நலம்தானே? சொன்னால் நம்பமாட்டாய், நீ அனுப்பிய கல்லுக்குள் புதைபடிவமாய்ப் படுத்திருந்த தாடையில்லா மீன் எனக்கு வாழ்வு கொடுத்துவிட்டது! நம் வீட்டுக்குக் கீழே இருக்கும் செங்குத்துப் பாறை, நம் தீவில் சைலூரியன் என்கிற பல கோடி வருஷத்துக்கு முந்தைய காலத்துப் பாறையடுக்குகளிலேயே பழசு. அதில் இதுவரை யாரும் மீன் கண்டதில்லை. என் கட்டுரை அச்சாகிவிட்டது. பேராசிரியர், "இந்தப் பொண்ண அருங்காட்சியகத்த விட்டு அனுப்பாதீங்கப்பா" என்றார். ஜூன் பத்தாம் தேதி அறிஞர் சபையில் இதைப் பற்றிப் பேச வேண்டும். ஸ்வீடனிலிருந்துகூட ஆள் வருகிறார்.

அதே இடத்தில் இன்னொரு துண்டு வெட்டி அனுப்பேன், அண்ணா.

உன் தங்கை,
ஸெல்மா

---

ஸாரெமா தீவு,
14 மே

அன்புத் தங்கை ஸெல்மாவுக்கு,

சந்தோஷம். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் புகைபோட்ட மீன் கொடுத்துக் கொண்டாடினேன். இந்தக் கடிதத்திலும் நீ உன் அண்ணி ஹில்யாவை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. நாலு வருஷமாக இதே கதைதான்.

ஆமாம், பாறையில் எதற்கு வெட்டச் சொல்கிறாய்? நான் அனுப்பிய கல் நம் சவுனாவின், அதுதான் நீராவிக் குளியல் குடிலின், வாசற்படி ஆயிற்றே! கல்யாணத்தன்று ஹில்யாவின் அப்பா தீவின் தெற்கு முனையிலிருந்து வண்டியில் ஏற்றிவந்தார். "எம் பொண்ணு குளிக்கப் போறப்பவாச்சும் பொறந்த ஊரு கல்ல மிதிக்கட்டும்" என்று சொல்லித் தன் கையாலேயே பதித்தார். போன பனியில் அது பிளந்தது. உள்ளே மீன். அப்படியே பெயர்த்து உனக்கு அனுப்பிவிட்டேன். கூட வைத்த சீட்டில் "நம்ம கல்" என்று தெளிவாக எழுதினேனே?

மிஹ்கெல்

---

தார்த்து,
19 மே

அண்ணா,

மூன்று தரம் படித்தேன். தெற்கு முனையா? ஐயோ! அங்கே இருக்கும் பாறை ஒரு கோடி வருஷம் இளையது! அதில் மீன் கிடைப்பது அதிசயமே இல்லை. கட்டுரை முழுக்கப் பொய்யாகிவிட்டது. என் பெயரைப் போட்டு அச்சடித்த பொய்!

வேறு ஊர்க் கல்லை "நம்ம கல்" என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

ஸெல்மா

---

ஸாரெமா தீவு,
27 மே

ஸெல்மா,

இது என்ன கேள்வி? வாழ வந்தவள் நம்மவள் என்றால் அவளோடு வந்த கல்லும் நம்ம கல்தானே. கல்யாணத்துக்கு வந்திருந்தால் நீயே பார்த்திருப்பாய். "முனைக்காரிக்கு நம் வீட்டில் என்ன வேலை?" என்று எழுதிப்போட்டு அங்கேயே இருந்துவிட்டாய்.

விஷயம் மூன்று பேருக்குத்தான் தெரியும், வாயை மூடிக்கொள்வோம் என்று ஹில்யாவிடம் சொன்னேன். அவள் கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டாள்.

"எங்கப்பா கொண்டாந்த கல்லுக்கு ஊர் பேரு சொல்லக்கூடாதாக்கும்!"

பிறகு கரண்டியைப் பொறுக்கி வைத்துவிட்டு, "சரி, அவங்க பொழப்பு அதுல இருக்கு. நான் வாயத் தொறக்கமாட்டேன்னு எழுதுங்க" என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை. இனி உன் இஷ்டம்.

மிஹ்கெல்

---

தார்த்து,
11 ஜூன்

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கையெழுத்து உங்கள் பெயருக்கு வருவது இதுதான் முதல் தடவை. திகைக்காதீர்கள்.

நேற்று சபையில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஸ்வீடன்காரர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். பேராசிரியருக்கு முகமே வெளுத்துவிட்டது.

"ஒன் வீட்டு வாசப்படிக் கல்லு ஒனக்கே தெரியாதாம்மா?"

"அது வந்த அன்னைக்கு நான் வீட்ல இல்லீங்க. எங்கண்ணன் கல்யாணத்துக்கு நான் போகல" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அருங்காட்சியக வேலை போய்விட்டது. கல் மட்டும் அங்கே இருக்கிறது. சீட்டில் பழைய ஊரை அடித்துவிட்டு, "தெற்கு முனை. ஹில்யாவின் தந்தை கொண்டுவந்தது" என்று எழுதினேன். கீழே "நம்ம கல்" என்று எழுதக் கை போனது. அதை எழுத எனக்கு ஏது உரிமை? விட்டுவிட்டேன்.

சனிக்கிழமைக் கப்பலில் வருகிறேன். சவுனா வாசலில் அந்த இடம் இன்னும் பள்ளமாகத்தான் இருக்கும். நான் தாண்டி உள்ளே வரலாமா, அண்ணி?

ஸெல்மா