உதறாத ஆடு

திருவண்ணாமலை
9.12.1977

அன்புத் தங்கை சற்குணத்துக்கு அக்கா ராஜம்மாள் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே சுகம். உன் சுகத்தையும் வார்டு வேலையையும் பற்றி அறிய ஆசை.

நீ அனுப்பிய புடவை வந்தது. எனக்கு எதற்கடி புதுப் புடவை? சபையில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது, அவளுக்குக் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

என் ஊழியம் எப்போதும்போல நடக்கிறது. செவ்வாய்தோறும் கீழ்பென்னாத்தூர் பஸ் பிடித்து, இறங்கி இரண்டு மைல் நடந்து, ஊர்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டிவிட்டு வருகிறேன். பத்தொன்பது வருஷத்தில் ஒரு செவ்வாய் தவறவில்லை. துணைக்கு ஆள் அனுப்பட்டுமா என்று போதகர் ஐயா கேட்டார். "கர்த்தர் இருக்கார் ஐயா, வேற யாரு வேணும்?"னு சொல்லிவிட்டேன்.

கார்த்திகைக்கு ஊர் கொள்ளாத கூட்டம். மலைத் தீபத்தைத்தான் மேகம் மறைத்துவிட்டது, தெரியவே இல்லை. உன் கையெழுத்து வர வர எறும்பாகிவிட்டது. அடுத்த கடிதத்தைப் பெரிதாக எழுது.

உன் அக்கா
ராஜம்மாள்


வேலூர்
20.12.1977

அன்புள்ள அக்காவுக்கு சற்குணத்தின் ஸ்தோத்திரம்.

என் கையெழுத்து எறும்பாகவில்லை அக்கா. எங்கள் வார்டு காசியம்மாள் தீபத்துக்கு அங்கேதான் வந்திருந்தாள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்ததாம். உங்கள் கடிதத்தில் இரண்டு வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. ஏழு வருஷமாகக் கண் வார்டில் வேலை செய்கிறவளிடமே மேகத்தின்மேல் பழி போடுகிறீர்களே.

எனக்குத் தெரிந்தவரை இது கண்புரை. ஆபரேஷன் செய்து கண்ணாடி போட்டுக்கொண்டால் அநேகமாகச் சரியாகிவிடும். ஆறு நாள் இரண்டு கண்ணையும் கட்டிக்கொண்டு, தலையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். சோறு நான் ஊட்டுவேன்.

அம்மா போனபோது எனக்கு நாலு வயசு. தூக்கி வளர்த்தது நீங்கள், நர்ஸ் படிப்பில் சேர்த்தது நீங்கள். பதிலுக்கு என் கையால் ஒரு டம்ளர் காப்பிகூட வாங்கிக் குடித்ததில்லை. புடவையைக் கொடுத்ததில் கோபம் இல்லை, வருத்தம் இருக்கிறது. என்னைக் கண் வார்டில் கொண்டுவந்து வைத்ததும் கர்த்தர்தான் என்று ஒரு தரமாவது உங்களுக்குத் தோன்றவில்லையா?

உங்கள்
சற்குணம்


திருவண்ணாமலை
6.1.1978

சற்குணத்துக்கு,

உன் கடிதத்தை வெயிலில் பிடித்து நானே படித்தேன். அரை நாள் ஆயிற்று, ஆனால் என்ன?

ஊருக்கெல்லாம் வியாதி தீர ஜெபம் பண்ணுகிறவள் தன் கண்ணுக்குக் கத்தி வைத்துக்கொண்டாள் என்றால் நாளைக்கு என் வார்த்தையை யார் கேட்பார்கள்? போதகர் ஐயா காதில் விழுந்தால், வீட்டில் உட்காருங்கள் என்று ஊழியத்தையே நிறுத்திவிடுவார். அது போனால் எனக்கு வேறென்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருக்கிறேன். வாசிக்க வேண்டியதெல்லாம் மனப்பாடம், புத்தகத்தைக் கையில் பிடித்தால் போதும். என் பாரத்தைக் கர்த்தர்மேல் வைத்தாயிற்று. உன்மேல் வைக்க மாட்டேன். இந்தப் பேச்சை இனி எழுதாதே.

ராஜம்மாள்


வேலூர்
2.4.1978

அக்கா,

பெரிய எழுத்தில் கொஞ்சமே எழுதுகிறேன். ஜூலை மூன்றாம் தேதிக்கு டாக்டரம்மாவிடம் சொல்லி உங்களுக்கு ஒரு கட்டில் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

பாரத்தைக் கர்த்தர்மேல் வைத்ததாக எழுதினீர்கள். வைத்த பிறகும் ஏன் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? இது ஒன்றுதான் என் கேள்வி. இனி நானாக எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன்.

சற்குணம்


கீழ்பென்னாத்தூர் பக்கம்
20.6.1978, செவ்வாய்

அன்புத் தங்கை சற்குணத்துக்கு, அக்கா சொல்லச் சொல்ல வெள்ளையம்மாள் எழுதுவது. இவள் நான் செவ்வாய்தோறும் வரும் ஊர்க்காரி, ஆடு வைத்திருக்கிறாள், ஐந்தாவது வரை படித்தவள். இரண்டு வருஷமாக வேதம் கேட்கிறாள், நம் சபையில் சேரவில்லை.

இன்று காணாமற்போன ஆட்டின் கதையை வாசித்தேன். வாசித்தேன் என்பது பொய், ஒப்பித்தேன். பாதியில் வெள்ளையம்மாள் எழுந்து வந்து, என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கித் திருப்பி வைத்தாள். தலைகீழாகப் பிடித்திருந்திருக்கிறேன்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"னு கேட்டேன்.

"பொங்கல்லேர்ந்தே தெரியுங்கம்மா. பையிலேர்ந்து நான்தானே எடுத்துக் குடுப்பேன், நேரா பாத்துக் குடுத்துடுவேன். இன்னிக்கு நீங்களே எடுத்துட்டீங்க. இங்க எல்லாருக்கும் தெரியும். மனசு நோவும்னு யாரும் சொல்லல."

பஸ் நிறுத்தத்துக்கு வாரா வாரம் யாராவது ஒருத்தி ஏதோ வேலை இருப்பதுபோல என்கூட வந்தாள். அதுவும் இதற்காகத்தானாம். துணை வேண்டாம் என்று சொல்லித் திரிந்தவளை ஐந்து மாதமாக ஒரு ஊரே நடத்திக்கொண்டு போயிருக்கிறது. கர்த்தர் துணை அனுப்பாமல் இல்லை, எனக்குத்தான் அடையாளம் தெரியவில்லை.

வெட்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். மேய்ப்பன் ஆட்டைத் தோளில் போட்டு வீட்டுக்குத் தூக்கி வந்தான் என்று வெள்ளையம்மாளே கதையை முடித்தாள். பிறகு, "கால் ஒடஞ்ச ஆட்ட நானும் தூக்கியாந்திருக்கேங்க. தோள்ல போட்டா அது சும்மா கெடக்கணும். உதறுச்சுன்னா தூக்குறவங்களுக்குக் கஷ்டம் ஜாஸ்தி"ன்னு சொன்னாள்.

இந்தக் கதையை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன், சற்குணம். ஆட்டைத் தேடிப் போகிறவள் நான் என்றே நினைத்துச் சொன்னேன். தோளில் கிடக்கிற ஆடு நான் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. கர்த்தரை நம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டு என் காலைத்தான் நம்பியிருந்திருக்கிறேன். அந்தக் காலால் உன்னையும் உதைத்திருக்கிறேன். மன்னித்துவிடு.

கட்டில் இன்னும் இருக்கிறதா? பார்வை வருவதும் வராததும் அவர் சித்தம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. போதகர் ஐயாவிடம் இன்று ஊருக்குத் திரும்பியதும் நானே சொல்லிவிடுவேன். அவர் ஊழியத்தை நிறுத்தினால் நிறுத்தட்டும்.

இரண்டாம் தேதி ஞாயிறு, ஆராதனை முடிகிற நேரத்துக்கு வந்து என்னை அழைத்துப் போ. தனியாக வர மாட்டேன். பையை நீதான் தூக்க வேண்டும். வரும்போது ஃபிளாஸ்கில் காப்பி கொண்டுவா, சர்க்கரை கொஞ்சம் தாராளமாக.

உன் அக்கா
ராஜம்மாள்

சிஸ்டரம்மாவுக்கு வெள்ளையம்மாள் எழுதிக்கிறது: மேல இருக்கிற கையெழுத்து அம்மாவே போட்டதுங்க. கோடு தப்பிடும்னு அவங்க கைய நான் பிடிச்சுக்கிட்டேன். வேணாம்னு சொல்லல.