கேட்டில் ஸ்டீபன் சொன்னது

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பிரேசர் டவுன் பக்கத்தில், வெள்ளைக்காரன் காலத்து ரயில்வே கேட். நானும் ஸ்டீபனும் காலையிலேயே கூட்ஸ் வண்டியைப் படம் எடுக்கப் போயிருந்தோம். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவனோடுதான் போகிறேன்.

வண்டி கடந்ததும் போலீஸ்காரர் ஒருவர் என் கையைப் பிடித்தார். பர்மிஷன் இருக்கிறதா என்று கன்னடத்தில் அதட்டினார். எனக்குக் கன்னடம் அரைகுறை. ஸ்டீபன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். அவன் பேசுவான் என்று திரும்பினேன். அதற்குள் கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டுத் தள்ளி நின்றிருந்தான்.

"உன் கூட வந்தவனா?" என்று அவனைக் கேட்டார்.

"யாருன்னே தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டான்.

என்னை மதியம் வரை போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். என் கேமரா கார்டிலிருந்த படங்கள் அத்தனையையும் என் கையாலேயே அழிக்க வைத்தார்கள்.

சாயங்காலம், ரயில் படம் எடுக்கிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அதே வண்டியை ஸ்டீபன் போட்டிருந்தான். ஆளாளுக்குப் பாராட்டு. படம் நன்றாகவே இருந்தது. அது வேறு வயிற்றெரிச்சல்.

சற்று முன் போன் செய்தான். "தப்பா எடுத்துக்காத மச்சி, ரெண்டு பேருமே மாட்டியிருப்போம். அடுத்த ஞாயிறு வர்றல்ல?"

கேட்க வேண்டியதெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. இந்த ஊரில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

வர்றேன் என்றேன்.